நவம் அண்ணையின் சரக்கு விமானம்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் அலுவலக மேசையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. அழைத்தவரின் பெயர் கேதீஸ். ஹவுன்ஸ்லோவில் நவம் அண்ணை வாடகைக்கு இருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரர். அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை.

"நீங்கள் மொழிபெயர்ப்போ?" என்று கேட்டார்.

"ஆமா, சனி ஞாயிறுல மொழிபெயர்ப்பு வேலைக்குப் போறேன். நீங்க யாருங்க?"

"நவம் அண்ணை மோசம் போயிட்டார். நேற்றுக் காலமை ஆஸ்பத்திரியிலை, நித்திரையிலையே. அவரின்ரை போனிலை மூண்டு நம்பர்தான் கிடந்தது. ஒண்டு வேலையிடம். ஒண்டு சைனீஸ் கடை. மற்றது 'மொழிபெயர்ப்பு' எண்டு போட்டிருந்தவர். சைனீஸ் கடைக்கு அடிச்சனான். அந்த மனுசி அழுதுகொண்டு என்னவோ சொல்லுறா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அதுதான் உங்களுக்கு எடுத்தனான்."

ஏழு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் அவருடைய தொலைபேசியில் எனக்குப் பெயர் இல்லை என்பதை அறிந்து சிறிது வருந்தினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதில் பிழை ஒன்றும் இல்லை.

கேதீஸ் இன்னொன்றும் கேட்டார். கடைகளில் இலவசமாக வைக்கும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தல் போடவேண்டும், எழுதித் தரமுடியுமா என்று. அந்த அறிவித்தல்களை நீங்கள் அறிவீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, மாமனார், மைத்துனர், சகலன் என்று அரைப் பக்கத்துக்குப் போகும். நான் உட்கார்ந்து எழுதினேன். செல்லையா நவரத்தினம், பரமேசுவரியின் அன்புக் கணவர். அத்தோடு முடிந்துவிட்டது. குறைந்தபட்சக் கட்டணத்துக்கு இவ்வளவு வரிகள் உண்டு, மிச்ச இடத்தை என்ன செய்வது என்று பத்திரிகைக்காரர் கேட்டார். அந்த மிச்ச இடம்தான் இந்தக் கட்டுரை.

உங்களில் சிலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். கோயில் தேரிலோ பூப்புனித நீராட்டு விழாவிலோ அல்ல. அவற்றுக்கு அவர் போனதில்லை. ஹவுன்ஸ்லோ நூலகத்தில், உசாத்துணை நூல்கள் வைக்கும் பகுதியில், ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியில், விமான நிலையச் சரக்குக் கொட்டகையின் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றாமலே பெரிய புத்தகம் ஒன்றை விரித்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் முட்டப் படித்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். படித்தது சீனாவின் இராணுவச் சரக்கு விமானங்களைப் பற்றி. வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை.

ஏன் என்று சொல்லவேண்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மேல்முறையீட்டு விசாரணையில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவன். சட்டம் படிக்க வந்து, சட்டம் என்னை ஏற்காததால் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் அமர்ந்தவன். அகதி விண்ணப்பக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பது என் உபரி வேலை. யாழ்ப்பாணத் தமிழை விசாரணை மண்டபங்களின் தாழ்வாரங்களில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே வந்தவர்களில் பலர் தங்கள் வீட்டின்மேல் குண்டு போட்டது 'பொம்பர்' என்றார்கள். அதிகாரிகளுக்கு அது புரிந்தது. பொம்பர் குண்டு போடும். அதற்குத்தான் அந்தப் பெயர். நவம் அண்ணை மட்டும், தன் வீட்டின்மேல் குண்டு போட்டது நான்கு இயந்திரங்கள் கொண்ட சாமான் பிளேன் என்றார்.

அவருடைய விண்ணப்பத்தை முதலில் நிராகரித்த கடிதத்தில் பதினான்காம் பந்தி இதைப் பற்றியது. நான்தான் அதை அவருக்குத் தமிழில் வாசித்தேன், இப்படி: நீங்கள் விவரிக்கும் விமானம் சரக்கு ஏற்றுவதற்கானது. அதன் சரக்கறை காற்றழுத்தம் காக்கப்பட்டது. பின்கதவு கீழ்நோக்கிச் சரிந்து மேடைபோல் இறங்குவது. வயிற்றில் கறுப்பாக ஒரு சதுரம் திறந்ததாகவும் கீழே எதுவும் தொங்கவில்லை என்றும் நீங்கள் கூறுவது அந்த விமானத்தின் அமைப்புக்குப் பொருந்தாது. ஆகவே அப்படி ஒரு தாக்குதல் நடந்ததாகவோ அதில் உங்கள் மனைவி இறந்ததாகவோ ஏற்பதற்கில்லை. ஒரு கைநூலின் பக்க எண்ணும் குறிப்பிட்டிருந்தார்கள். மிக ஒழுங்கான பந்தி. மொழிபெயர்ப்பதற்குக் கடினமே இல்லை.

விசாரணையில் வக்கீல் வேறொருவருடைய வழக்குக் கோப்பைக் கொண்டுவந்திருந்தார். இருபது நிமிடத்தில் முடிந்தது. பதினான்காம் பந்தி அப்படியே நின்றது. அதை எதிர்த்து இன்னொரு மேல்முறையீடு போட இடமுண்டு என்று சொல்லிவிட்டு வக்கீல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் தாழ்வாரத்தில் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணே, பொம்பர்னு சொல்லியிருக்கலாமே. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவங்களுக்கும் புரியும்லா."

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். "தம்பி, வந்தது பொம்பர் இல்லையே. நான் கிணத்தடியிலை நிண்டு பாத்தனான். அது மெல்லமாத்தான் வந்தது. வயித்திலை கறுப்பா ஒரு துவாரம். பீப்பா மாதிரி ஒண்டு விழுந்தது. பிறகு கொஞ்சம் பொறுத்து மற்றது. அவசரமே இல்லை, சாமான் இறக்கிற மாதிரி." பிறகு மெதுவாகக் கேட்டார்: "பிளேன் வரேல்லை எண்டு எழுதியிருக்கினம். அப்ப அவள் எங்கை?"

நான் அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கூட்டிப்போனேன். பேருந்து வந்தது. ஏறிப் போனார்.

அடுத்த வாரமே நூலகத்தில் சேர்ந்துவிட்டார். கடிதம் குறிப்பிட்ட கைநூலைத்தான் முதலில் கேட்டு வாங்கினார். அவருடைய ஆங்கிலம் சரக்குக் கொட்டகை ஆங்கிலம்: ஏற்று, இறக்கு, கவனம், உடையும். ஆனால் ஒரு விமானத்தின் வரைபடத்தைப் படிக்க அதற்குமேல் அதிகம் வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். ஊரில் சிலர் அந்த விமானத்தைச் சகடை என்பார்கள். அந்தப் பெயரை அவர் பாவிக்கவில்லை. "ரெண்டு மூண்டு பிளேனுக்கு ஒரே பேரை வைச்சிருக்கினம். கோர்ட்டிலை கேட்டால் எதையெண்டு சொல்லுறது?" அவர் அதன் சரியான பெயரையே சொன்னார்: வை-8, இலங்கை விமானப்படை சீனாவிடம் வாங்கியது.

அந்த விமானத்தின் கதையை அவர் எனக்குத் தவணை முறையில் சொன்னார். ஐம்பதுகளின் சோவியத் சரக்கு விமானம் ஒன்றைச் சீனர்கள் வாங்கினார்கள். பிறகு இரண்டு நாடுகளுக்கும் மனஸ்தாபம் வந்தது. கற்றுத்தர வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சமிருந்த விமானத்தை அளந்து, பிரித்து, தாங்களே வரைபடம் கீறி அதைப் போலவே ஒன்றைச் செய்தார்கள். பல வருடம் எடுத்தது. எதிரி எளிதில் எட்டாத மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் தொழிற்சாலை வைத்தார்கள். வாலில் துப்பாக்கிக்காரன் உட்காரும் இடத்தைக்கூட விடாமல் பிரதி எடுத்தார்கள். "சரக்கு ஏத்திற பிளேனுக்கு வாலிலை ஒருத்தனை என்னத்துக்கு இருத்தவேணும்? முதல் பிளேனிலை இருந்தது, அதாலை இதிலையும் இருக்கு," என்றார். நான் வேலை செய்யும் கம்பனியின் மூன்றாம் மாடியில் அப்படிப் பல நாற்காலிகள் இருந்ததால் எனக்கு விளங்கியது.

கைநூலில் இருந்த படம் பிந்திய மாதிரியுடையது என்று அவருக்குச் சந்தேகம். பழைய மாதிரியில் விமானிகள் இருக்கும் முன்பகுதிக்கு மட்டுமே காற்றழுத்தம் உண்டு; சரக்கறைக்கு இல்லை. ஆகவே பறக்கும்போது கதவைத் திறந்தால் எதுவும் வெடிக்காது. அந்தக் கதவு கீழே இறங்கும் மேடையும் அல்ல; இரண்டு நீளப் பலகைகளாக உள்ளே மேல்நோக்கி மடிவது. கீழேயிருந்து பார்த்தால் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் தெரியும். காற்றழுத்தம் காத்த சரக்கறையும் கீழிறங்கும் மேடையும் பிறகு வந்த திருத்தங்கள். அவர் வீட்டின்மேல் பறந்தபோது அவை வந்திருக்கவில்லை. அதிகாரிகள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் பார்த்தது அடுத்த பதிப்பு, அவ்வளவுதான். ஒரு மனிதனின் மனைவி இறந்தாளா இல்லையா என்பது ஒரு புத்தகத்தின் பதிப்பைப் பொறுத்து இருந்தது.

இதை ஊகமாக வைத்துக்கொண்டு அவரால் தூங்கமுடியவில்லை. படம் வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் பழைய மாதிரியின் கதவுக்குப் படம் கிடைக்கவில்லை. சீனப் பத்திரிகையில் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மத்திய லண்டனுக்குப் போய், ஒரு சீனக் கடையில் பழைய விமானப் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி வந்தார். ஹவுன்ஸ்லோவில் வறுத்த சோறு விற்கும் மிஸஸ் சூ என்ற அம்மையாரிடம் கொண்டுபோனார். மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் ஆள் இருக்காது. வாரம் ஒரு தரம் அந்த நேரத்தில் அவர் போவார். மிஸஸ் சூ கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசிப்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்.

மிஸஸ் சூ ஹாங்காங்காரர். பெருநிலத்துச் சீன எழுத்து அவருக்குப் பிடிக்காது. பாதிக் கோடுகளை விழுங்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே படித்தார். எங்களுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழாக்கினேன். எனக்குத் தெரிந்தவரை, என் தொழில்வாழ்வில் யாரும் என்மேல் சந்தேகப்படாத ஒரே மொழிபெயர்ப்பு அது.

"இது மிகவும் பழைய விமானம். ஏன் நல்ல விமானமாகப் பார்த்து விரும்பக்கூடாது?" என்று மிஸஸ் சூ கேட்டார்.

"சொல்லும் தம்பி, நான் விரும்பேல்லை எண்டு," என்றார் அண்ணை.

அடுத்த பக்கத்தில் அதே விமானத்தின் இன்னொரு வகை. சரக்கறை முழுவதும் அடுக்கடுக்காகக் கம்பிக் கூடுகள். உயிருள்ள ஆடுகளை நூற்றுக்கணக்கில் ஏற்றிப்போவதற்காகச் செய்தது என்று மிஸஸ் சூ படித்தார். நாங்கள் மூவரும் படத்தைப் பார்த்தோம். அண்ணை திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாவம், அவை ஆட்டுக்கெண்டு யோசிச்சுச் செய்திருக்கினம். பாரும், ஆடு விழாமலிருக்கக் கூடு. அவையிலை பிழை சொல்ல ஏலாது தம்பி." மலைப் பள்ளத்தாக்கில் இருந்து வரைபடம் கீறியவர்களைப் பற்றி அவர் ஒருபோதும் தப்பாகப் பேசியதில்லை.

கதவின் படம் ஆட்டுக் கூடுகளுக்கு இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. பழைய கதவு, புதிய கதவு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பழையது உள்ளே மடிந்திருந்தது. மிஸஸ் சூ படத்தின் கீழிருந்த வரியை இரண்டுதரம் வாசித்தார். அண்ணை எழுந்துபோய்க் கடைக் கண்ணாடியின் பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மிஸஸ் சூ என்னிடம், "நல்ல செய்திதானே?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் கறுப்புத் தோல் மனிதர் ஒருவர் சீன இராணுவ விமானத்தின் கதவைப் பற்றி நூலகத்தில் நாள்தோறும் பிரதி எடுப்பது, நியூயோர்க் கோபுரங்கள் விழுந்ததற்குப் பிந்திய அந்த வருடங்களில், யார் கண்ணிலாவது படாமல் இருக்கமுடியாது. இரண்டு பொலிசார் வந்தார்கள். மிக மரியாதையானவர்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தார்கள். அண்ணை என்னை அழைத்திருந்தார். நான் பயந்துகொண்டு போனேன். அவரோ வாழ்க்கையிலேயே முதல்முறையாக விருந்தாளிகள் வந்ததுபோல இருந்தார். ஷார்ட்பிரெட் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். காலையுணவுத் தானியப் பெட்டி அட்டையில் தான் செய்திருந்த விமானத்தின் பின்பகுதியை எடுத்து இளைய பொலிஸ்காரரின் கையில் கொடுத்தார்.

"மடிச்சுப் பாக்கச் சொல்லும் தம்பி."

பொலிஸ்காரர் விரலால் மடித்தார். "உள்ளேதான் போகிறது," என்றார்.

"அதை ஒருக்கால் எழுதித் தரச் சொல்லும். தேதி போட்டு."

அவர்கள் எழுதித் தரவில்லை. இது தங்கள் துறைக்கு உட்பட்டதல்ல என்றார்கள். தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மூச்சு வந்தது. அண்ணை கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, "பரவாயில்லை. ஒருத்தன் வாயாலை ஒத்துக்கொண்டவன். அதுவும் பொலிஸ்," என்றார்.

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகு அந்த மேல்முறையீடு நடக்கவில்லை. நாள் குறிப்பதற்கு முன் ஒரு கடிதம் வந்தது. வழக்கு அளவுக்கு மீறி இழுபட்டுவிட்டதால், தகுதியை ஆராயாமலே, அவருக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுக்கப்படுகிறது. அப்போது அதுபோலப் பலருக்கும் கிடைத்தது. பழைய கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வக்கீல் தொலைபேசியில் என்னை வாழ்த்தினார், நான்தான் கட்சிக்காரன் என்று நினைத்து. கேதீஸும் மற்ற அறைக்காரர்களும் கோழி வாங்கிச் சமைத்தார்களாம். அண்ணை கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவிலிருந்து ஸ்ட்ரெதமில் இருந்த என் வீட்டுக்கு மூன்று பேருந்து மாறி வந்தார்.

"பதினாலாம் பந்தியைப் பற்றி என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலண்ணே. இனிமே அது தேவையில்ல. உங்களுக்குத்தான் விசா கெடச்சிருச்சே."

"அது கிடக்கட்டும். அதை வாபஸ் வாங்கினவையோ, இல்லையோ?"

"கோப்பை மூடிட்டாங்கண்ணே."

"அப்ப அது உள்ளுக்கை அப்பிடியே கிடக்கு."

கிடந்தது. அந்தப் பந்தியை மட்டும் திருத்தும்படி அவர் வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார், ஆங்கிலமாக்கியது நான். இணைப்பு: வரைபடம் ஒன்று, மிஸஸ் சூவின் கையெழுத்தோடு மொழிபெயர்ப்பு ஒன்று. வந்த பதில்கள் எல்லாம் ஒன்றுதான்: உங்கள் விடயம் உங்களுக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. மூன்றாவது பதிலுக்குப் பிறகு நான் சலித்துப்போனேன் என்று சொல்லவேண்டும். அவர் அழைத்தால் சில சமயம் எடுக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. அவர் குரலஞ்சல் விடுவார்: "தம்பி, அவசரமில்லை." குரலுக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கும், அவர் வீட்டின்மேல் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று கேதீஸ் பிறகு சொன்னார். அங்கே குடிவந்த பத்து வருடமாகவாம்.

நான் அவரிடம் கடைசியாகப் போனது இந்த வருடம் மாசிக் குளிரில். அவர் மெலிந்திருந்தார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சீனர்கள் பெரிய ஜெட் சரக்கு விமானம் ஒன்றைத் தாங்களே வடிவமைக்கப்போகிறார்கள் என்ற செய்தியை வெட்டி வைத்திருந்தார். "பாத்துப் பாத்துக் கீறினவை இனித் தாங்களாக் கீறப்போகினம். நாங்கள் இருந்து பாக்கமாட்டம்," என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். கிணற்றடியில் நின்று தான் பார்த்ததை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார். இதற்குமுன் வாக்குமூலங்களில் எழுதியதுதான், ஆனால் இந்தமுறை யாருக்கும் முகவரியிடவில்லை. ஆங்கிலத்தில் போட்டுத் தரவேண்டும் என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: எழுதி முடித்த வாக்குமூலத்தை விண்ணப்பக்காரருக்கு அவர் மொழியில் திருப்பி வாசித்துக் காட்டவேண்டும்; சரி என்றால் அவர் கையெழுத்திடுவார். வாசித்தேன். சமையலறையை அவர் எழுதியிருந்தபடி குசினி என்று நான் வாசித்த இடத்தில் அவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். கையை இறக்கி, "வாசியும்," என்றார். முடிவு வரை வாசித்தேன். கையெழுத்திட்டார்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். இத்தனை வருசமா நீர் இதைத் தமிழிலையும் இங்கிலீசிலையும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறீர். நீர் நம்புறீரோ?"

மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தருவார்கள். முதல் விசாரணையில் அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கம். எப்போது நம்பத் தொடங்கினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதையும் சொல்ல வெட்கம். ஆகவே நான் விதியைச் சொன்னேன்.

"ஓம், அதுதான் முறை," என்றார் நவம் அண்ணை. வாசல்வரை வந்து, பேருந்து நம்பரைச் சொல்லி அனுப்பினார்.

இறுதிச் சடங்கில் எட்டுப் பேர் இருந்தோம், மிஸஸ் சூவையும் சேர்த்து. பத்திரிகைகளையும் கடிதங்களையும் கேதீஸ் இரண்டு பெட்டிகளில் என்னிடம் தந்தார். நூலகம் ஏற்றுக்கொண்டால் கொடுத்துவிடுவேன். அந்த ஒரு பக்கம் மட்டும் என்னிடம் இருக்கும். அத்தோடு, நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியும். அதை வைத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. விதியை எழுதியவர்கள் மன்னிக்கவேண்டும்.

நம்புகிறேன் அண்ணே. அது சரக்கு விமானம்தான். கதவு உள்ளேதான் மடிந்தது. உங்கள் மனைவி பரமேசுவரி குசினியில் இருந்தார்.